எழிலனின் தாமதம்

கோளாறு வரப்போகிறது என்றால் ஜெஸ்லினுக்கு முன்கூட்டியே மூக்கில் வேர்த்துவிடும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் அவளுக்கு வேலை. வெளிநாட்டு வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர்கள் நிற்காமல் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கோ ஒரு சர்வர் லேசாகத் திணறத் தொடங்கும்போதே இவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். எச்சரிக்கை மணி அடித்துப் பத்துப் பேர் பதறியடித்து ஓடி வரும்போது இவள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்திருப்பாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் கையில் அந்த வங்கி ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

அந்தக் கெட்டிக்காரிக்குச் சனி, ஞாயிறு வந்தால் வால்ட்ஸ் ஆட வேண்டும். ராயபுரத்தில் ஒரு கேரம் கிளப்புக்கு மேல்மாடியில் ஹால். ரயில் இஞ்சின் பழுதுபார்க்கும் மெல்வின் என்ற இருபத்தெட்டு வயசுப் பையன் அங்கே வார இறுதியில் பால்ரூம் டான்ஸ் கிளாஸ் நடத்துகிறான். கடல் காற்றில் மொசைக் தரை பிசுபிசுத்துப்போய்ச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும் நாட்களில், கீழே கேரம்காரர்களிடம் ஒரு டப்பா பவுடர் கேட்டு வாங்கிவந்து தூவுவார்கள். மணலி ஆலைகள் பக்கமிருந்து நாற்றத்தோடு காற்றடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்க்க வேர்க்க ஆடுவார்கள். ஆட்டத்துக்கு ஒன்றும் குறைச்சல் இருக்காது.

ஆணும் பெண்ணும் முதுகை நிமிர்த்தி, கையோடு கை கோத்து, ஒன்று-இரண்டு-மூன்று என்ற கணக்கில் ஹாலைச் சுற்றி வருகிற ஆட்டம் அது. எங்கே திரும்புவது, எங்கே நிற்பது என்பதை ஆண் முடிவு செய்வான். பெண் அவன் கையின் அசைவைப் படித்துக்கொண்டு கூடவே போக வேண்டும், அதுவும் பெரும்பாலும் பின்னோக்கி.

ஜெஸ்லின் குடியிருப்பது திருவொற்றியூர் தேரடிப் பக்கம். எதிர்வீட்டு செல்லம்மா அக்கா மீன் விற்கிறவள். இந்தப் பின்னோக்கி நடக்கும் விஷயம் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"இன்னாடி ஜெஸ்ஸி, பின்னாலயே நடக்கறதுக்கா ஞாயித்துக்கெழம தூக்கத்த வுட்டுட்டுப் போற? எங்கூட காசிமேட்டுக்கு வா. அந்தக் கூட்டத்துல தன்னால பின்னால போவ."

"அங்க பாட்டு போட மாட்டாங்களே அக்கா."

"பாட்டு இன்னா, ஏலம் வுடறவன் போடற சத்தம் பத்தாதா உனுக்கு?"

ஆபீசில் இதைவிட மோசம். வால்ட்ஸ் என்று சொன்னால் பாதிப் பேர் சால்சாவா என்பார்கள், மீதிப் பேர் உடம்பு இளைக்கவா என்பார்கள். ஆண்டு விழா வந்தால் போச்சு, நிர்வாகத்திலிருந்து ஒரு பெண் சிரித்த முகமாக வந்து, "மேடம், நீங்கதான் டான்சராச்சே, டீமுக்கு ஒரு குத்துப்பாட்டு சொல்லிக் குடுங்க" என்று நிற்பாள். காபி மெஷின் முன்னால் காத்திருக்கும்போது ஜெஸ்லினின் கால்கள் தாமாகவே ஒன்று-இரண்டு-மூன்று போடும். கேமராவில் அதைப் பார்த்துவிட்டு செக்யூரிட்டி ஒருநாள் மேலே ஏறி வந்து, "மேடம், கால்ல எதுனா பிரச்சினையா? நாற்காலி கொண்டாரட்டுமா?" என்று கேட்டார். விம்கோ நகரில் இருந்து வரும் மெட்ரோவில் ஏறி, கிண்டியில் இறங்கி, கம்பெனி வேனைப் பிடித்துப் போய்ச் சேருகிற ஒன்றேமுக்கால் மணி நேரமும் அவள் காதில் வால்ட்ஸ்தான். நின்றுகொண்டே போனாலும் முதுகு வளையாது. பார்க்கிறவர்கள் போலீஸ்காரி என்று நினைத்துக்கொண்டு வழிவிடுவதும் உண்டு.

அவளோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறவன் எழிலன். விம்கோ நகர்க்காரன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்கும் கிரேன் ஓட்டுகிறான். அந்த உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கக் குனிந்து கீழேயே பார்த்துப் பார்த்து முதுகு வளைந்துபோனதில், அவன் மனைவி ஜெயஸ்ரீதான் மெல்வினின் போர்டைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள். "இந்த ஆளு முதுகு நிமுந்தா போதும் சார், ஆட்டம் வரலன்னாகூட பரவால்ல" என்றாள். முதுகு ஆறே மாதத்தில் நிமிர்ந்துவிட்டது. ஆட்டமும் வந்தது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு அவள் நிம்மதியாக இருக்க, இவன் இரண்டு வருஷமாக ஜெஸ்லினோடு வால்ட்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறான்.

நல்ல மனுஷன், பதமான கை. ஆனால் ஜெஸ்லினின் கணக்குப்படி அவனிடம் ஒரு குறை இருந்தது. மூலைக்கு வந்தால் தாமதம். ஹாலின் ஒவ்வொரு மூலையிலும், வலமா இடமா என்று அவன் கை சொல்ல வேண்டிய நொடி தாண்டி ஒரு கண்ணிமைப்பு நேரம் கழித்துத்தான் சொல்லும். அதற்குள் ஜெஸ்லினின் கால் ஒரு பக்கம் கிளம்பியிருக்கும். மெல்வின் ஓரத்தில் நின்று "டைமிங், டைமிங்" என்று கத்துவான். பாவம் எழிலன், இன்றைக்கும் வாங்கிக் கட்டிக்கொள்கிறான் என்று ஜெஸ்லின் நினைத்துக்கொள்வாள். மெல்வின் யாரைப் பார்த்துக் கத்தினான் என்று அவள் கேட்டதே இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால், வால்ட்ஸில் வெண்கலத்துக்கு அடுத்த படியான வெள்ளிப் பதக்கத் தேர்வில் அவள் தோற்றாள். பெங்களூரில் இருந்து வந்த தேர்வாளர் அம்மா தாளில் ஒரே வரி எழுதியிருந்தார்: இருவர் நேரமும் ஒன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து ஆபீஸ்வரை எதிலும் தோற்றுப் பழகாதவளுக்கு அந்த ஒரு வரி தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஆபீசில் ஒவ்வொரு கோளாறுக்கும் மூலகாரணம் கண்டுபிடித்து அறிக்கை எழுதுவார்களே, அதே மாதிரி எழிலனுக்கும் எழுதினாள். கிளாஸில் எடுத்த வீடியோக்களைப் படம் படமாக நகர்த்திப் பார்த்தாள். முப்பத்தொரு மூலைகள். இருபத்தேழில் எழிலன் தாமதம், சராசரி ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. கட்டம் போட்டு, கலர் அடித்து, கடைசியில் "மூலகாரணம்: ஜோடியின் தாமதம்" என்று எழுதி முடித்தாள். பக்கத்து சீட் தாஹிரா எட்டிப் பார்த்துவிட்டு, "அல்லாவே, மனுசனையுமா விட்டுவைக்க மாட்ட" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த அறிக்கையை அவள் எழிலனிடம் காட்டவில்லை. அவன் மனசு நோகும் என்று விட்டுவிட்டாள். பெரிய மனசுதான்.

இப்போது மறுபடியும் தேர்வு. அதே அம்மா வருகிறார். இந்தத் தடவை விட்டால் பிடிக்க முடியாது, ஏனென்றால் எழிலனுக்கு ஓமனில் ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை விமானம். ஜெஸ்லினின் உயரத்துக்கு ஏற்ற ஆள் அந்த கிளாஸில் வேறு யாரும் இல்லை. புதிதாக ஒருவன் வந்து, கற்று, பழகுவதற்குள் இன்னும் இரண்டு வருஷம் ஓடிவிடும். அந்த வெள்ளி அவளுக்கு வேண்டும். அவள் வாயால் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

தேர்வு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு. அன்றைக்கு அவளுக்கு ஆபீஸ் பொறுப்பு வேறு. தாஹிரா அதை வாங்கிக்கொண்டாள். "போய் ஆடு. உன் பேங்க்கை நான் பாத்துக்கறேன், அது எங்கயும் ஓடிடாது" என்றாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினால், எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரிகள் துறைமுகத்துக்குப் போக ஒன்றன் பின்னால் ஒன்றாக நிற்கின்றன. ஒரு கன்டெய்னரின் பின்புறத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றாள்.

அங்கேதான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. எழிலனின் தாமதத்தைத் திருத்த இனி வழியில்லை. ஒரு இயந்திரம் மெதுவாகத்தான் பதில் சொல்லும் என்றால் ஆபீசில் என்ன செய்வோம்? கேட்கிற பக்கத்தைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிடுவோம். அதே வைத்தியம்தான் இங்கேயும். மூலைக்கு வந்ததும் தானாகக் கிளம்பாமல், அவன் கை சொல்லும்வரை நிற்பது. இவ்வளவு எளிய வழி இரண்டு வருஷமாகத் தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சோதித்துப் பார்க்காத மாற்றத்தை நேரே ஓடுகிற கம்ப்யூட்டரில் போடாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், அன்று எழிலனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நேரே தேர்வுக்குள் கொண்டுபோனாள்.

தேர்வில் ஒரு விதி உண்டு. எந்த அசைவுக்குப் பின் எது என்று முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆண் அந்தந்த இடத்தில் முடிவு செய்வான், பெண் அதைப் புரிந்துகொண்டு போகிறாளா என்பதற்குத்தான் மார்க். ஆண் தவறு செய்தால் அது பெண்ணின் கணக்கில் சேராது.

பாட்டு தொடங்கியது. எழிலன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். கடலோரம் வெயிலில் கறுத்த முகம், அதில் ஒரு சின்னச் சிரிப்பு. முதல் நீளப் பக்கம் அழகாகப் போனது. ஜெஸ்லினின் பாவாடை விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் சுழன்றது. தேர்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். உள்ளபடியே பார்க்கக் கண் கொள்ளாத ஆட்டம் அது.

மூலை வந்தது. ஜெஸ்லின் காத்திருந்தாள்.

எழிலனும் காத்திருந்தான்.

பாட்டு ஒன்று-இரண்டு-மூன்று என்று போய்க்கொண்டே இருந்தது. ஹால் மூலையில் இரண்டு பேர் கைகோத்தபடி அசையாமல் நின்றார்கள். கீழே யாரோ கேரம் காயை அடித்த சத்தம் துல்லியமாகக் கேட்டது. ஜெஸ்லின் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது: ஏன் கிளம்பல?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் தாமதமாக வரவில்லை. அவள் முந்திப்போவாள் என்று தெரிந்து, அவள் எந்தப் பக்கம் கிளம்புகிறாள் என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கமே கையை வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக. முப்பத்தொரு மூலைக்குக் கட்டம் போட்டவளுக்குத் தன் காலுக்கு ஒரு கட்டம் போடத் தோன்றவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது அவளுக்கு.

அடுத்த 'ஒன்று' வந்தபோது எழிலனின் கை அசைந்தது. சரியாக அந்த நொடியில், தயங்காமல், இடப்பக்கம். ஜெஸ்லின் போனாள். அடுத்த மூலையில் வலப்பக்கம். அதற்கடுத்து, இதுவரை அவன் செய்தே இராத நீண்ட ஒரு சுழல். எது வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் வந்ததெல்லாம் அவள் காலுக்கு முன்பே தெரிந்திருந்த மாதிரி இருந்தது. கதவோரம் நின்ற மெல்வின் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் அம்மா இருவரையும் அருகில் கூப்பிட்டார்.

"மொத மூலைல நின்னுட்டீங்க. என்ன ஆச்சு?"

ஜெஸ்லின் வாயைத் திறப்பதற்குள் எழிலன் முந்திக்கொண்டான். "என் தப்பு மேடம். எந்தப் பக்கம்னு நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்."

"அப்போ லீட் வரலை." அவர் பேனாவை எடுத்தார். "அப்படின்னா இவங்களுக்கு அதுல குறைக்க முடியாது."

வெள்ளி கைக்கு எட்டிவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். ஜெஸ்லினுக்கு அது தெரியும், கணக்கில் அவள் புலி.

"இல்ல மேடம்," என்றாள். "இவர் பொய் சொல்றாரு. நான் எப்பவும் மூலைல முந்திக்குவேன். எனக்காக இவர் நின்னு பழகிட்டாரு. இன்னிக்கு நான் சொல்லாம கொள்ளாம நின்னுட்டேன். தப்பு என்னுது."

எழிலன் அவள் முழங்கையைக் கிள்ளினான். அவள் கண்டுகொள்ளவில்லை. தேர்வாளர் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

அரை மணி நேரம் கழித்து மெல்வின் தாளோடு மாடிப்படிக்கு வந்தான். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததுமே ஜெஸ்லினுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மார்க் குறைவு. கீழே ஒரு குறிப்பு இருந்தது: நின்றதற்குப் பிறகு ஆடியது வெள்ளிக்கும் மேல்.

"வாய மூடிகினு இருந்திருக்கலாம்ல," என்றான் மெல்வின். அழாத குறை. "பாஸ் ஆயிருப்பீங்க ஜெஸ்."

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெல்வின் உள்ளே போகும்வரை காத்திருந்து எழிலன் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத மாசமே."

"அப்புறம் ஏன் எழிலா சொல்லல?"

அவன் டீ கிளாசைப் படியில் வைத்தான். "சொல்லலாம்னுதான் ஒரு சனிக்கெழம வந்தேன். அன்னிக்கு ஆபீஸ்ல இன்னாவோ பேஜாராயி, மூஞ்ச தொங்கப் போட்டுகினு வந்த நீ. ஒரு மணி நேரம் ஆடிட்டு, சிரிச்சுகினே படி எறங்கிப் போன. அத்தப் போய் இன்னாத்துக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

"ரெண்டு வருசமாவா?"

"கிரேன்ல தொங்குற லோடு காத்துல ஆடும் ஜெஸ். புடிச்சு இழுத்தா இன்னும் ஜாஸ்தியாதான் ஆடும். அது போற பக்கமே நாமளும் கொஞ்சம் போயி, மெதுவா எறக்கணும். எனுக்கு அது பழக்கம். பெருசா ஒண்ணும் தெர்ல."

தன்னைக் கன்டெய்னர் என்கிறானே என்று வேறு நாளாக இருந்தால் ஜெஸ்லின் சண்டைக்குப் போயிருப்பாள். கல்மண்டபம் பக்கமிருந்து பஸ் ஹாரன் ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவன் ஒவ்வொரு மூலையிலும் தன்னை விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறான், இவள் அதற்குக் கலர் அடித்துக் குற்றப்பத்திரிகை எழுதியிருக்கிறாள். அதை நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

"அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "இத்தன நாளா என்கூட ஆடினது?"

எழிலன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை, கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தானே ஒன்று சொன்னான். ஆனால் இதற்கு அவன் பொய் சொல்லவில்லை.

"உன்னப் பாத்துகினே இருந்தேன், அதுலயே போயிடும். நல்லாதான் இருந்துச்சு." டீ கிளாசை மறுபடி கையில் எடுத்தான். "ஆனா நான் ஆடுனதுன்னா, அது இன்னிக்குத்தான் ஜெஸ். அந்தக் கடசி ரெண்டு ரவுண்டு."

ஜெஸ்லின் எழுந்து மேலே போனாள். தேர்வாளர் அம்மாவைச் சாப்பிட அழைத்துப் போவதற்காக மெல்வின் ஹாலைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்த சாவியை வாங்கினாள்.

"கால் மணி நேரம் குடு மெல்வின்."

"இன்னிக்கு கிளாஸ் இல்லயே ஜெஸ்."

"தெரியும்."

எழிலன் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றான். அவள் போனில் பாட்டைப் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஹாலின் நடுவுக்கு வந்து, முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். அவன் வந்து கைகோத்தான். பாட்டின் முதல் அடி வந்தது, போனது. இரண்டாவது அடியும் போனது. ஜெஸ்லின் கிளம்பவில்லை. அவனுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கிளம்பட்டும் என்று அப்படியே நின்றாள்.